எழுபத்தேழாவது இருக்கை

விமானத்தில் ஏறியதும் இருக்கைகளை எண்ணாவிட்டால் மார்லிஸ் ஸைல்ஸ்ட்ராவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மற்றவர்கள் தங்கள் இருக்கையைத் தேடிப் போவார்கள். அவள் கழிப்பறைக்குப் போகிற பாவனையில் கடைசி வரிசை வரை நடந்து, உதடு அசையாமல் எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்து உட்காருவாள். கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். எண்ணிக்கை எழுபத்தாறு என்று வந்தால் அது இனிக்கும். வேறு எண் வந்தால், அன்று மாலைக்குள் விமானக் கம்பெனியின் துணைத் தலைவர் யாருக்காவது ஒரு கடிதம் போகும்.

ஐம்பத்தேழு வயது. கிரேட் மெரிடியன் விமானக் கம்பெனியில் கேப்டன். வீடு மிச்சிகனில், கிராண்ட் ராப்பிட்ஸில். வேலை தொடங்குவது மிச்சிகன் ஏரிக்கு அந்தப் பக்கம், சிகாகோவில். இரண்டு தடவை கல்யாணம் ஆகி, இரண்டு தடவையும் அந்தச் சிரமத்திலிருந்து மீண்டவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் பேச்சு நீண்டுபோனால் பெஞ்சுகளை எண்ணுவாள் என்று ஊரில் பேச்சு. போதகரே சொன்னதுதான்.

இந்த எழுபத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேலே இருந்து வந்தது என்று அவள் சொல்ல மாட்டாள். ஆனால் விளக்குகிற தோரணை அப்படித்தான் இருக்கும். வாலில் கிரேட் மெரிடியன் என்று எழுதிப் பறக்கும் விமானங்களில் பாதி அந்தக் கம்பெனி ஓட்டுவதில்லை. பெயிண்ட் அவர்களுடையது, டிக்கெட் அவர்களுடையது, காபியோடு தரும் காகிதத் துண்டு அவர்களுடையது. ஓட்டுகிற ஆள் மட்டும் ப்ளூ ஹெரன் என்கிற சின்னக் கம்பெனியின் ஆள். வேலை ஒன்றே, வானமும் ஒன்றே, சம்பளம் மட்டும் பாதி. இந்த ஏற்பாட்டில் பெரிய கம்பெனிக்கு அலாதி ருசி. விட்டால் லண்டனுக்கும் ப்ளூ ஹெரனையே அனுப்பிவைக்கும். விடாமல் பிடித்துவைத்திருப்பது, கிரேட் மெரிடியன் விமானிகள் சங்கம் போட்ட ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பிரிவு. எங்கள் பெயரில் வேறு கம்பெனி ஓட்டுகிற விமானத்தில் எழுபத்தாறு இருக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. எழுபத்தேழு வேண்டுமா, எங்கள் ஆளை வைத்து ஓட்டு.

மார்லிஸ் இந்த எல்லைச் சுவரை முதலில் பார்த்தது வெளிப்பக்கத்திலிருந்து. இருபத்தைந்து வயதில் ப்ளூ ஹெரனில் சேர்ந்தபோது அவள் ஓட்டியது பத்தொன்பது பேர் உட்காரும் விசிறி விமானம். அப்போது எல்லையும் சின்னது. பிறகு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கிரேட் மெரிடியன் விமானிகள் ஒரு சம்பள உயர்வை வாங்கிக்கொண்டு எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். முப்பத்தேழு, ஐம்பது, எழுபது, எழுபத்தாறு. அவள் ஓட்டும் விமானம் பெரிதாகிக்கொண்டே போயிற்று, சம்பளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பெரிய கம்பெனியில் இடம் காலியாகட்டும் என்று பதினாறு வருஷம் காத்திருந்தாள். இடம் ஏன் காலியாகவில்லை என்பது பதினோராவது வருஷம்தான் மண்டையில் ஏறியது. அந்த இடங்களையெல்லாம் அவளேதான் பாதிச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயதில் ஒருவழியாக உள்ளே போனதும், மற்றவர்கள் படகு வாங்கப் போனார்கள். இவள் சங்கத்தின் எல்லைக் குழுவில் பெயர் கொடுக்கப் போனாள். படி கிடையாது, பாராட்டு கிடையாது. கழுத்துப் பட்டையில் குத்திக்கொள்ள 76 என்று எழுதிய ஒரு சிவப்பு பின் மட்டும் கொடுத்தார்கள்.

போன வருஷம் ப்ளூ ஹெரன் முப்பத்தொரு புது விமானங்களை இறக்கியது. வரிசைக்கு நான்கு வீதம் பத்தொன்பது வரிசை. எழுபத்தாறு. கணக்கு சுத்தம். ஆனால் பத்தொன்பதுக்குப் பின்னால் இருபதாவதாக ஒரு வரிசை இருந்தது, அதிலும் நான்கு. நாற்காலி உயரம், நாற்காலி அகலம், நாற்காலிச் சாய்வு. ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிற உறை, ஜிப். உறையில் ‘துணைச் சேமிப்பு அலகு’ என்று நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள். அதன் மேல் இரண்டு கம்பளிகளை மடித்து வைத்திருந்தார்கள், சேமிப்புக்கு.

சங்கம் புகார் கொடுத்தது. அது இருக்கையே அல்ல, அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை, உட்காரப்போவதும் இல்லை என்று கம்பெனி சத்தியப் பத்திரம் தாக்கல் செய்தது. அடுத்த ஒப்பந்தத்தில் எல்லையை எண்பதாக்கிவிட்டால் ஜிப்பைக் கழற்றினால் போதும் என்பது அந்தப் பத்திரத்தில் இல்லை. பிப்ரவரியில் நடுவர் விசாரணை என்று நாள் குறித்தார்கள்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி, சிகாகோவில் நண்பகல். நான்கு நாள் ஓட்டம் முடித்துவிட்டு, கிராண்ட் ராப்பிட்ஸ் போகும் ப்ளூ ஹெரன் விமானத்தின் வாசலில் மார்லிஸ் நின்றாள். தோளில் பனி, கையில் ஒரு பெட்டி சாக்லேட். வீடு ஓர் ஊரிலும் வேலை ஓர் ஊரிலுமாக இருக்கும் விமானிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனி விமானமானாலும், அதன் கேப்டனிடம் நேரில் போய், உங்களோடு வரலாமா என்று கேட்க வேண்டும். முப்பது வருஷ சர்வீஸ் இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் சரி என்றால் பயணிகள் பக்கத்தில் காலி இடமோ, இல்லாவிட்டால் காக்பிட்டுக்குள் இருக்கும் மடக்கு இருக்கையோ கிடைக்கும். அப்படி விருந்தாளியாகப் போனவர் உள்ளே பார்த்ததை, கேட்டதை வெளியே பேசுவதில்லை. எங்கும் எழுதிவைக்காத சட்டம். அதனால்தானோ என்னவோ, எல்லாரும் மதிக்கிறார்கள்.

அன்றைய கேப்டன் கார்னெல் பீபிள்ஸ். முப்பத்தெட்டு வயது, மஸ்கீகன்காரன், ப்ளூ ஹெரனில் பதினொரு வருஷம்.

“கேப்டன், கிராண்ட் ராப்பிட்ஸ் போகணும். உங்களோட வரலாமா?”

“தாராளமா வரலாம் கேப்டன். ஆனா மடக்கு சீட்டு போயிடுச்சே. சரக்கு விமானம் ஓட்டுற தாடிக்காரர் ஒருத்தர் உங்களுக்கு முன்னாடியே கேட்டு உள்ள உக்காந்துட்டார்.”

“பின்னாடி?”

“எழுபத்தாறும் ஃபுல். மடியில ரெண்டு கைக்குழந்தை வேற.”

“அடுத்த ஃப்ளைட்டப் பாக்கறேன்.”

“அடுத்தது எங்க இருக்கு? ஏரிப் பக்கமிருந்து பனிப்புயல் வர்றதப் பாத்தீங்கல்ல. இனிமே நாளைக்கு மத்தியானம்தான். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா.” அவள் தோளில் உருகிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “வாங்க. ஒரு எடம் இருக்கு. கேள்வி கேக்காம வந்து உக்காருங்க, அவ்வளவுதான்.”

வாசலில் நின்ற ஊழியப் பெண், பயணப் பட்டியலில் இரண்டாவது விருந்தாளியாக மார்லிஸின் பெயரைத் தட்டிவிட்டாள். கார்னெல் முன்னால் நடந்தான். கடைசி வரிசைக்குப் போய், கம்பளிகளை எடுத்துப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஒரே இழுப்பில் முதல் உறையின் ஜிப்பைத் திறந்தான். உள்ளே நீலத் தோல் இருக்கை. பெல்ட் இருந்தது, கைப்பிடி இருந்தது, முதுகுப் பையில் பாதுகாப்பு அட்டைகூட இருந்தது. பணிப்பெண் ஜன்னல் வழியாகப் பனியை ரசித்தாள்.

நடந்தது இதுதான். இந்தப் பூமியில் அந்த உறையைத் திறந்து காட்டக் கூடாத ஆட்கள் பதினேழு பேர், எல்லைக் குழுவின் மொத்த எண்ணிக்கை அது. அவர்களில் ஒருத்திக்கு, அவள் குளிரில் நிற்கிறாளே என்ற இரக்கத்தில், கார்னெல் உபசாரத்தோடு திறந்துவிட்டான். கோட்டு பொத்தான் கழுத்துவரை போட்டிருந்ததால் அந்தச் சிவப்பு பின் தெரியவில்லை.

மார்லிஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் எண்ணினாள். எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. எழுபத்தேழின் மேல் அவளே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் படிக்கிற விளக்கு, காற்றுத் துவாரம், பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான், ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்கும் மூடி. பதினாறு வருஷமாகத் தேடிய புதையலின் மேல் ஓசிப் பயணம். நாற்பது நிமிஷம் அவள் பெப்பர்மின்ட்டைத் தொடவே இல்லை.

கிராண்ட் ராப்பிட்ஸில் எல்லாரும் இறங்கிய பிறகு, வழக்கப்படி கேப்டனுக்கு நன்றி சொல்லப் போனாள். உள்ளே சூடு. கோட்டைத் திறந்தாள். கார்னெலின் கண் அவள் முகத்திலிருந்து கழுத்துப் பட்டைக்கு இறங்கி அங்கேயே நின்றது.

“எல்லைக் குழுவா?”

“பதினாறு வருஷமா.”

“அருமை.” தொப்பியைக் கழற்றினான். “வாழ்க்கையில ஒரே ஒரு நாள் நல்லவனா இருக்கலாம்னு பாத்தேன். அந்த உறையைத் தொறந்தா வேலை போகும்னு சுற்றறிக்கை வந்திருக்கு. கீழே என் கையெழுத்து இருக்கு.”

“கார்னெல்…”

“கெஞ்சமாட்டேன், பயப்படாதீங்க. பதினொரு வருஷமா உங்க சுவருக்கு வெளியில நிக்கிறேன். எழுபத்தாறோட உன் யோக்கியதை முடிஞ்சதுன்னு சொல்ற சுவரு. அதுக்குக் காவல்காரி நீங்க. உங்களைப் போய் நான் உபசாரம் பண்ணி உக்கார வச்சிருக்கேன்.”

“அதே எடத்துல நான் பதினாறு வருஷம் நின்னேன்.”

“அப்ப உங்களுக்கு இன்னும் நல்லா வலிச்சிருக்கணுமே.”

“வலிச்சுது. எதனால வலிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் லேட்டாச்சு.” சாக்லேட் பெட்டியை நீட்டினாள். “நான் விருந்தாளி. உள்ள பாத்தது என்னோட போச்சு. வாக்கு.”

“எறங்கும்போது எல்லாரும் அதத்தான் சொல்றாங்க” என்றான். சாக்லேட்டை வாங்கிக்கொண்டான். அதன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை.

வாக்குக் கொடுத்த பதினோராவது நிமிஷம், விமான நிலைய வாகன நிறுத்தத்தில் கார் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மார்லிஸின் போன் அடித்தது. குழுத் தலைவர் வென்டல் ஸ்டாக். விசாரணை நினைப்பிலேயே சாப்பிட்டு, விசாரணை நினைப்பிலேயே தூங்குகிறவர்.

“மார்லிஸ், நாம தோத்துருவோம்னு வக்கீல் சொல்றார். ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதுல உக்காந்தேன்னு வந்து சொன்னாப் போதுமாம். எங்க போய்ப் பிடிக்கிறது?”

“நானே உக்காந்து…” என்றாள் மார்லிஸ். பிறகுதான் வாயை மூடினாள்.

பனி சுரண்டும் சத்தம் நின்றுபோயிற்று. மறுமுனையில் வென்டல் பேனாவையும் தாளையும் தேடுவது கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளே, ஏரியைச் சுற்றி மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு அவர் கிராண்ட் ராப்பிட்ஸுக்கு வந்துவிட்டார். ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த ஊரின் பெருமையான ஆலிவ் பர்கர் இரண்டு வந்தது. வென்டல் கையே வைக்கவில்லை. அந்த ஊரில் அது ஏறக்குறைய தெய்வக் குற்றம்.

“தேதி மட்டும் குடு. பேரு வேண்டாம்.”

“தேதியக் குடுத்தா பேரையும் குடுத்த மாதிரிதான். அன்னைக்கு எழுபத்தாறு பயணி, ஒரு மடக்கு சீட்டு, பட்டியல்ல ரெண்டு விருந்தாளி. ரெண்டாவது ஆளு எங்க உக்காந்தான்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும்.”

“சொல்லட்டுமே! அதுதானே நமக்கு வேணும்.”

“அவன் வேலை போயிடும்.”

“மார்லிஸ், நம்மகிட்ட பன்னெண்டாயிரம் விமானிங்க. அந்தப் பக்கம் ஒரு ப்ளூ ஹெரன் பையன். அவன் நம்ம சங்கத்துலகூட இல்ல.”

“நானும் பதினாறு வருஷம் உங்க சங்கத்துல இல்ல. அப்ப நீங்க சம்பள உயர்வு வாங்கினப்பல்லாம் யாரை வித்து வாங்கினீங்க? அவன் பையனும் இல்ல. முப்பத்தெட்டு வயசு.”

வென்டல் நாப்கினை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “இந்தக் கேஸ்ல தோத்தா அடுத்தது எண்பது. அப்புறம் தொண்ணூறு. அப்புறம் அந்தப் ப்ளூ ஹெரன்காரன் உள்ள வரதுக்கு வேலையே இருக்காது. அவனக் காப்பாத்தறதா நெனச்சு அவன் தலையிலயே கல்லப் போடற.”

இதில் சிக்கல் என்னவென்றால், வென்டல் சொன்னது அத்தனையும் உண்மை. மார்லிஸே பத்து இடத்தில் மேடை போட்டுப் பேசியதுதான். அதற்காக அவள் தேதியைச் சொல்லிவிடவில்லை. பர்கரின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “கேஸ ஜெயிக்கறதுக்கு எனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. விருந்தாளியாப் போய்ப் பாத்தத எடுக்க மாட்டேன். டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாக்கறேன்” என்றாள்.

வாங்கினாள். விமானி காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதை இந்தத் தொழிலில் ஒரு நோயாகத்தான் பார்ப்பார்கள். விடுமுறை நாட்களில் ப்ளூ ஹெரனின் நான்கு விமானங்களில், பத்தொன்பதாவது வரிசையில், இடைவழி இருக்கையாகக் கேட்டு வாங்கி ஏறினாள். கார்னெல் ஓட்டுகிற தடங்களின் பக்கமே போகவில்லை. ஏறியதும் கழுத்தைப் பின்னால் வளைத்து, இருபதாவது வரிசையின் கூரையை நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைந்தாள். விளக்கு எத்தனை, துவாரம் எத்தனை, பொத்தான் எத்தனை, மாஸ்க் மூடி எத்தனை. டெஸ் மாயின்ஸுக்குப் போகிற விமானத்தில் ஒரு பணிப்பெண் குனிந்து, “மேடம், பறக்கறதுன்னா உங்களுக்குப் பயமா? கூரையவே பாத்துட்டு இருக்கீங்களே” என்று கேட்டாள்.

“கொஞ்சம்” என்றாள், முப்பத்திரண்டு வருஷமாக விமானம் ஓட்டுகிறவள்.

அந்தப் பெண் இஞ்சி பானம் ஒன்றும், கூடுதலாக ஒரு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

விசாரணை, சிகாகோ விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஓட்டலின் கூட்ட அறையில். பக்கத்து அறையில் பல் மருத்துவர் மாநாடு, சுவர் தாண்டிக் கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. நடுவர் மில்டன் ஆஷ்பர்ன், எழுபது தாண்டியவர், நாற்பது வருஷமாகக் கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றையொன்று பொய்யர் என்று சொல்வதைக் கேட்டே காது மந்தமானவர். கம்பெனிக்காக வந்தவள் வக்கீல் டால்ரிம்பிள். கெட்டிக்காரி, மரியாதைக்காரி, கேள்விக்கு முன்னால் சிரிப்பாள்.

சாட்சி நாற்காலியில் மார்லிஸ் நோட்டைப் பிரித்தாள். நான்கு விமானம், நான்கு கூரை. “நான் டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன், ரசீது இருக்கு” என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். கடைசியில் நடுவர் பக்கம் திரும்பினாள். “கம்பளி வைக்கிற எடம்னு சொல்றாங்க. கம்பளி எப்பங்க புஸ்தகம் படிக்குது, தலைக்கு மேல விளக்கு போட? முப்பதாயிரம் அடியில காத்து போச்சுன்னா கம்பளிக்கு மூச்சு முட்டுமா? பின்ன எதுக்கு மாஸ்க்?”

பக்கத்து அறையில் பல் மருத்துவர்கள் கைதட்டினார்கள். நடுவர் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

டால்ரிம்பிள் எழுந்தாள். சிரித்தாள். “விமானத்த அப்படித்தான் தொழிற்சாலையிலேருந்து அனுப்பறாங்க, கேப்டன். கூரைய மாத்தலங்கிறது குத்தமா? போகட்டும். நீங்க இந்தத் தொழில்ல முப்பத்திரண்டு வருஷம். ப்ளூ ஹெரன் விமானத்துலயே மாசம் நாலு தடவை வீட்டுக்குப் போறவங்க. ஒரே ஒரு கேள்வி. அந்த அலகுல ஒரு மனுஷர் உக்காந்து நீங்க எப்பவாவது பாத்ததுண்டா?”

பதில் தெரியாத கேள்வியை அவள் கேட்கிற வழக்கமில்லை. ஒருவரும் உட்கார்ந்ததில்லை என்று அவளுடைய ஆட்கள் சத்தியம் செய்திருந்தார்கள், அவள் நம்பியிருந்தாள். சங்கத்தின் மேஜையில் வென்டலின் முகம் வெண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தது. இந்தக் கேள்வியை எதிர்த் தரப்பே கேட்கும் என்று அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

“பதில் சொல்ல மாட்டேன்” என்றாள் மார்லிஸ்.

டால்ரிம்பிளின் சிரிப்பு பாதியில் நின்றது. “இல்லைன்னு சொல்றதுக்கு என்ன தயக்கம்?”

“இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. சொல்ல மாட்டேன்னு சொன்னேன்.”

நடுவர் காதுக்குள் இருந்த கருவியைச் சரிசெய்துகொண்டார். “கேப்டன், இது என்ன சட்டத்துல இருக்கு?”

“எந்தச் சட்டத்துலயும் இல்லைங்க. விமானிங்க ஒருத்தர் விமானத்துல இன்னொருத்தர் விருந்தாளியாப் போறோம். அங்க பாத்தது, பாக்காதது எதையும் வெளியில பேசறதில்ல. இன்னைக்கு நான் பேசினா, நாளைக்கு எந்தக் கேப்டனும் எவரையும் ஏத்தமாட்டான். டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாத்ததப் பத்திக் கேளுங்க. விடிய விடிய சொல்றேன்.”

“பதில் சொல்லலேன்னா உங்க சாட்சியம் முழுசையும் நான் நீக்க வேண்டி வரும். கூரை, விளக்கு, மாஸ்க், எல்லாம்.”

சங்கத்து வக்கீல் பத்து நிமிஷம் இடைவேளை கேட்டார். நடைபாதையில், பல் மருத்துவர்களின் காபி மேஜைக்குப் பக்கத்தில், வென்டல் அவளை மடக்கினார்.

“ஆமான்னு ஒரு வார்த்த! ஒரே வார்த்த! சத்தியப் பத்திரமே பொய்னு ஆயிடும். முப்பத்தொரு விமானமும் நம்ம கையில!”

“அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க?”

“என்ன கேட்டா என்ன?”

“எந்த ஃப்ளைட்டு, எந்தத் தேதின்னு கேப்பாங்க. அதச் சொன்னா அவன் ஆளு காலி. சொல்லாட்டி இதே நிலைமை. அதுக்கு இப்பவே நிறுத்திக்கறேன்.”

“உன்ன எவன் இந்தக் குழுவுல வச்சிருக்கறதுன்னு பாக்கறேன்.”

“பாருங்க. நான் எல்லைக் குழு ஆளு, வென்டல். கம்பெனிக்கு ஒரு எல்லை இருக்குன்னு கத்தறேன்ல, எனக்கும் ஒண்ணு இருக்கு.” காபி மேஜையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பல் மருத்துவர்களின் பிஸ்கட், சர்க்கரை இல்லாதது.

மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். “அப்ப நீக்கிடுங்க” என்று அவளே சேர்த்துச் சொன்னாள். ஆஷ்பர்ன் நீக்கினார். சுருக்கெழுத்துப் பெண் கோடு போட்டாள். மார்லிஸ் நோட்டை மூடி, பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு குழு ஆட்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள்.

ஆனால் ஆஷ்பர்ன் நாற்பது வருஷமாகச் சாட்சிகளைப் பார்த்தவர். ‘இல்லை’ என்று சொன்னால் நட்டமில்லாத இடத்தில் ஒருத்தி வாயைத் திறக்க மறுத்தால், அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் முடித்த பிறகு பேனாவை மூடிவிட்டு, “நாளைக்குக் காலையில அந்த விமானம் ஒண்ண நான் பாக்கணும். ரெண்டு பக்கமும் வாங்க” என்றார்.

“விமானமெல்லாம் ஓட்டத்துல இருக்கு, ஐயா” என்றாள் டால்ரிம்பிள்.

“முப்பத்தொண்ணுமா? ஒண்ணுகூடவா எண்ணெய் மாத்த நிக்காது?”

ஒன்று நின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, குளிரில் எல்லாரும் பராமரிப்புக் கொட்டகையில் கூடினார்கள். மார்லிஸை வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் வந்து பத்தொன்பதாவது வரிசையில் நின்றாள். நடுவர் இடைவழியில் மெதுவாக நடந்து வந்தார். அவரும் எண்ணினார், அவருக்கு உதடு அசைந்தது. கடைசி வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இந்த மூடியத் தொறங்க.”

அங்கே நின்ற மெக்கானிக், ப்ளூ ஹெரனில் வேலை பார்க்கும் ஒரு மொட்டைத் தலைக்காரர், டால்ரிம்பிளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒரு கம்பியை நுழைத்துத் திருகினார். மஞ்சள் கிண்ணங்கள் குழாயோடு பொத்தென்று விழுந்து நடுவரின் மூக்குக்கு நேரே ஆடின. ஒரு பக்கத்தில் மூன்று.

“ரெண்டு அலகுக்கு எதுக்கு மூணு?” என்று கேட்டார் ஆஷ்பர்ன்.

மெக்கானிக்குக்கு ஒப்பந்தம் தெரியாது, மாஸ்க் தெரியும். “ஜோடி சீட்டுக்கு எப்பவும் மூணுங்க. மடியில கைக்குழந்தை இருந்தா அதுக்கு ஒண்ணு.”

“அப்ப இந்தச் சேமிப்பு அலகு மடியில குழந்தையும் வச்சிக்கும்.”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்த நாலுக்கும் நான் ஆக்ஸிஜன் சோதன பண்றேன். கம்பெனி உத்தரவு. கையெழுத்துப் போட்டிருக்கேன், காட்டட்டுமா?”

டால்ரிம்பிள் கண்ணை மூடித் திறந்தாள். அன்று அவள் சிரிக்கவே இல்லை.

மார்ச் கடைசியில் தீர்ப்பு வந்தது. பதினான்கு பக்கம். உட்காருவதற்காகச் செய்து, உட்காருபவர் உயிரோடு இருப்பதற்காகப் பராமரிக்கப்படுவது இருக்கைதான். முப்பத்தொரு விமானங்களிலும் தொண்ணூறு நாளில் கழற்றிவிட வேண்டும். கேப்டன் ஸைல்ஸ்ட்ராவின் சாட்சியம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று ஒரு அடிக்குறிப்பு. சங்கத்தின் செய்தி மடலில் வக்கீல், வென்டல், குழு, குழுவின் குடும்பத்தார் என்று எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அதே வாரம் மார்லிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. விசாரணையில் நடந்துகொண்ட முறைக்காகக் குழுவிலிருந்து நீக்கம். பின்னைத் திருப்பி அனுப்பவும்.

மே மாதம் ஒரு நாள் கார்னெலின் போன்.

“கழட்டிட்டாங்க. இப்ப அங்க வெறுந்தரை. நாலு ஆளு நிக்கலாம். எதுக்கு இந்த எடம்னு பயணிங்க கேக்கறாங்க. கேப்டன் ஒருத்தியோட சுயமரியாதையை அங்க வச்சிருக்கோம்னு சொல்லிட்டேன்.”

“பொய் சொல்லாத. யாரும் கேட்டிருக்கமாட்டாங்க.”

“சரி, கேக்கல.” பேச்சை மாற்றினான். “ஓட்டல்ல என்ன நடந்துச்சுன்னு எங்க ஆளுங்க பேசிக்கிட்டாங்க. நான் அன்னைக்கு ராத்திரி முழுக்க, யாரு கதவத் தட்டுவாங்கன்னு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் தட்டல. நன்றின்னு சொல்ல வரல, மார்லிஸ். உங்க சுவரு ஜெயிச்சிடுச்சு. நான் இன்னும் வெளியிலதான் நிக்கிறேன்.”

“தெரியும்.”

“உங்களுக்கு இருபத்தெட்டு வயசுல யாராவது இதே சுவரக் காட்டி, இது உன் நல்லதுக்குத்தான்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“மூஞ்சியில துப்பியிருப்பேன்.”

கார்னெல் சிரித்தான். அவன் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. “அப்ப நான் துப்பாம இருக்கறதுக்கு நீங்கதான் நன்றி சொல்லணும்.”

“சொல்லிட்டேன்னு வச்சுக்கோ. கிரேட் மெரிடியன்ல ஆள் எடுக்கறாங்க, விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி. சிபாரிசுக் கடிதம் என்கிட்ட கேக்காத, நம்ம ரெண்டு பேரோட பேரும் ஒரே காயிதத்துல வரக் கூடாது. உன் பேருல நீயே வா.”

“என்னைக்காவது உள்ள வந்தா உங்க குழுவுல நான் சேரமாட்டேன்.”

“அத அப்ப பாத்துக்கலாம்.”

போனை வைத்துவிட்டு, அடுத்த நாள் முதல் விமானத்தில் அவள் சிகாகோ போனாள். சங்க அலுவலகம் மூன்றாவது மாடி. குழுத் தலைவர் பதவிக்கு இந்தக் கோடையில் தேர்தல், சங்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். மனுவில் குறைந்தது பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். பத்துப் பேரைப் பிடிக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதில் ஒருவர், விசாரணை அன்று அவள் பக்கத்திலிருந்து எழுந்து போனவர். ஏன் கையெழுத்துப் போட்டார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வென்டல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“உன் சாட்சியத்தாலதான் இந்தக் கேஸ் மண்ணாப் போக இருந்துச்சு. நானா ஒருத்தனத் தேடிப் பிடிச்சிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். இதுல என் எடத்துக்கே போட்டியா?”

“ஆமா.”

“ஒனக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க?”

“பத்துப் பேரு இருக்காங்க. மிச்சத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு.”

“கம்பெனி ஆளுங்க வந்து கேக்கறப்பல்லாம் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு நிப்பியா?”

“விருந்தாளியாப் போய்ப் பாத்ததக் கேட்டா நிப்பேன், கம்பெனி கேட்டாலும், நீங்க கேட்டாலும்.” காகிதத்தை மேஜையின் குறுக்கே அவர் பக்கம் தள்ளினாள். “இப்ப வாங்கிட்டேன்னு முத்திரை போட்டுத் தர்றீங்களா, இல்ல தபால்ல அனுப்பட்டுமா? தபால்னா தேதி குறிச்சுப் பதிவுத் தபால்ல அனுப்புவேன்.”

வென்டல் முத்திரையைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தார்.